கடல் தண்ணீரில் விழுந்த ஃபோனை மறுபடி தண்ணீரில் போட்டோம்

படகு கவிழ்ந்த கதை சின்னது. ஆற்று முகத்துவாரத்தில் மணல்திட்டைத் தாண்டும்போது பக்கவாட்டில் ஓர் அலை அடித்தது. ஃபைபர் படகு சாய்ந்து தண்ணீரை மொண்டுகொண்டது, இன்ஜின் அணைந்தது, அடுத்த அலை மிச்சத்தை முடித்துவைத்தது. மார்பளவு ஆழம்தான். எல்லாரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்ததால் சிராய்ப்போடு போயிற்று. தலைகளை எண்ணிப் பார்த்து, படகை இழுத்துக் கரை சேர்த்த பிறகுதான் பைகளின் நினைவே வந்தது.

தார்ப்பாயை விரித்துச் சாமான்களைப் பரப்பினோம். என் ஃபோன், படகுக்கார அண்ணனின் பழைய ஃபோன், நண்பனின் கேமரா, பையோடு ஊறிப்போன லேப்டாப், அதே பையில் கிடந்த போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க், ஒரு பவர் பேங்க், கார் சாவி. நனையாமல் இருந்தது டிரை பேக்குக்குள், அதாவது தண்ணீர் புகாத பைக்குள் இருந்த நண்பனின் ஃபோன் ஒன்றுதான். அதிலிருந்து எனக்குத் தெரிந்த போர்டு ரிப்பேர்க்காரரைக் கூப்பிட்டேன். லேப்டாப், ஃபோன் போர்டுகளில், அதாவது உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகைகளில், வருஷக்கணக்காகக் கை வைத்தவர். அவர் கேட்ட முதல் கேள்வி, "கடல் தண்ணியா, ஆத்துத் தண்ணியா?"

இரண்டும் கலக்கிற இடம் என்றேன்.

"அப்போ கடல் தண்ணின்னே வச்சுக்குங்க. எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க. கழட்டுற பேட்டரியா இருந்தா உடனே கழட்டுங்க. அப்புறம் ஃபோனை நல்ல தண்ணியில அலசுங்க."

படகுக்கார அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். "விளையாடுறாராப்பா அவரு? இருக்கற தண்ணி பத்தாதாமா?"

அவர் விளையாடவில்லை. அன்று எங்களுக்குக் கிடைத்ததிலேயே உருப்படியான யோசனை அதுதான். வெறும் தண்ணீர் ஒரு போர்டைக் கொல்வதில்லை. பாகங்களைப் பற்றவைத்து (சாலிடரிங்) முடித்த போர்டுகளை, கரைந்த உப்புகளை நீக்கிய சுத்தத் தண்ணீரில் கழுவுவது தொழிற்சாலைகளில் சாதாரணமாக நடக்கிற வேலை. மின்சாரம் இல்லாத நிலையில் சுத்தமான தண்ணீரில் கழுவி நன்றாக உலர்த்திவிட்டால் போர்டுக்கு ஒன்றும் ஆகாது. கொல்வது, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பும் பேட்டரியிலிருந்து ஓடுகிற மின்சாரமும் ஒன்றாகச் சேரும்போதுதான்.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. குழாய்த் தண்ணீரோடு ஒப்பிட்டால் மின்சாரத்தைக் கடத்தும் திறன் நூறு மடங்கு அளவுக்குப் போகும். தண்ணீரை மின்சாரத்தால் பிளக்கக் கணக்குப்படி குறைந்தது 1.23 வோல்ட் வேண்டும். ஃபோன் பேட்டரியில் 3.7 வோல்ட்டுக்கும் மேல் இருக்கிறது. எனவே உப்புத் தண்ணீர் பட்ட போர்டில், பேட்டரி இணைப்பில் இருக்கும்வரை, மின்முலாம் பூசுகிற தொட்டியில் நடப்பதே நடக்கிறது. பாசிட்டிவ் பக்கத்துச் செம்பு கரைந்து, நெகட்டிவ் பக்கத்தில் இழை இழையாகப் படிகிறது. அந்த இழை எதிர்ப்பக்கத்தைத் தொட்டால் ஷார்ட். இது முடிய நாள்கணக்கு ஆக வேண்டியதில்லை. கடல்நீர் சொட்டும் சார்ஜிங் போர்ட்டில் சார்ஜரைச் செருகினால், 5 வோல்ட் வருகிற பின் சீக்கிரமே கறுத்துத் தின்னப்படுவதைக் கண்ணால் பார்க்கலாம். பின்னாளில் ரிப்பேர்க்காரரின் மேசையில் அப்படி வந்த ஒரு போர்ட்டை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வரிசையாக நின்ற பின்களில் மின்சாரம் வரும் பின்கள் மட்டும் பாதியாகத் தேய்ந்து கறுத்திருந்தன. பக்கத்தில் நெகட்டிவ் பக்கமான கிரவுண்ட் பின் தங்கம் மாதிரி மின்னிக்கொண்டு நின்றது. ஒரே தண்ணீர், ஒரே நேரம். வித்தியாசம் மின்சாரம்தான்.

இதைப் புரிந்துகொண்டால் முதல் சில நிமிடங்களில் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மின்சாரத்தை நிறுத்து, உப்பை வெளியேற்று, அப்புறம் உலர்த்து. இந்த வரிசைதான் முக்கியம். நம்மில் பலர் நேரே மூன்றாவதுக்குப் போய்விடுகிறோம். அதற்கும் முன்னால், "வேலை செய்யுதா பார்ப்போம்" என்று ஆன் செய்து வேறு பார்க்கிறோம்.

ஃபோனை ஆஃப் செய்வதே அன்று ஒரு போராட்டம். ஈரத் திரையில் விரல் வைத்தால் எங்கோ தொட்டதாக எடுத்துக்கொள்கிறது. உப்புத் தண்ணீர்ப் படலத்தையே விரல் என்று நினைத்துத் தானாக ஆப்களைத் திறந்தது என் ஃபோன். "பவர் ஆஃப்" பொத்தானை இழுக்கவே முடியவில்லை. இந்த மாதிரி நேரத்துக்குத்தான் பக்கவாட்டுப் பட்டன்களை மட்டும் வைத்து அணைக்கும் வழி. ஒவ்வொரு மாடலுக்கும் அது வேறு. சிலதில் பட்டன்களை விடாமல் அழுத்தினால் அணைந்து தானே மறுபடி ஆன் ஆகிவிடும், அது உதவாது. உங்கள் ஃபோனில் எப்படி என்று கரையில் இருக்கும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சட்டையின் காய்ந்த மூலையால் திரையைத் துடைத்துவிட்டு உடனே இழுத்தால் சில சமயம் வேலை செய்யும். எனக்கு அப்படித்தான் அணைந்தது.

அணைந்ததும் உறையைக் கழற்றி, சிம் தட்டை வெளியே எடுத்தோம். சிம் கார்டுக்குத் தண்ணீரால் கேடு கிடையாது. துடைத்து வேறு ஃபோனில் போட்டால் ஓடிபி வர ஆரம்பித்துவிடும். அன்றைய நிலைமையில் அதுவே பாதி உயிர். சிம் தட்டின் பொந்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் பல ஃபோன்களில் ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கர் தெரியும். தண்ணீர் பட்டால் அது சிவப்பாகிவிடும். என் ஃபோனில் வெள்ளை. அண்ணன் ஃபோனில் நல்ல சிவப்பு. எதை அவசரமாகப் பிரிக்க வேண்டும் என்பதை அந்தச் சிவப்பே சொல்லிவிட்டது.

என் ஃபோன் ஐபி68 முத்திரை உள்ளது, தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்கிற முத்திரை. அந்த முத்திரையின் பொருளை ஒருமுறை நிதானமாகப் பார்ப்பது நல்லது. ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். ஐபி68 என்றால் அதைவிடக் கடுமையான, தயாரிப்பாளரே குறிப்பிடுகிற ஆழமும் நேரமும். சோதனை நடப்பது அசையாத நல்ல தண்ணீரில், புத்தம்புதுச் சாதனத்தில். உப்புத் தண்ணீர், அலையின் அடி, ஒருமுறை கீழே விழுந்து ஓரம் நெளிந்த சட்டம், திரை மாற்றியபோது சரியாக ஒட்டாமல் போன பசை எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. திரை மாற்றிய ஃபோனை ஐபி68 என்று நம்பிக்கொண்டு தண்ணீரில் இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

இப்படி உள்ளே தண்ணீர் போகாத ஃபோனைக்கூட நல்ல தண்ணீரில் அலச வேண்டும். ஸ்பீக்கர் வலை, சார்ஜிங் போர்ட், மைக் துளை எல்லாவற்றிலும் உப்பு காய்ந்து நிற்கும். குழாயை வேகமாகத் திறந்துவிடாமல், பாத்திரத்துத் தண்ணீரில் லேசாக ஆட்டி அலசி, போர்ட் கீழ்நோக்கி இருக்கும்படி உள்ளங்கையில் தட்டினால் போதும். பிறகு காற்றோட்டத்தில் வைத்துவிட வேண்டியது. சார்ஜரைச் செருகுவதைப் பற்றி அன்றைக்கு யோசிக்கவே கூடாது. வயர்லெஸ் சார்ஜிங் உள்ள ஃபோனாக இருந்து, உள்ளே தண்ணீர் போகவில்லை என்பதும் உறுதியாக இருந்தால், அவசரத்துக்கு அந்த வழி இருக்கிறது.

அரிசி விஷயத்துக்கு வருகிறேன். ஃபோன் நனைந்தது என்றதும் நாலு பேராவது "அரிசியில போடு" என்பார்கள். அன்றும் சொன்னார்கள். அரிசி ஈரத்தை இழுப்பது மிகவும் மெதுவாக, சும்மா மேசைமேல் காற்றோட்டமாக வைப்பதைவிட மேலாகச் சொல்ல ஒன்றுமில்லை. மாவும் நொய்யும் போர்ட்டுக்குள் போவது தனிக் கதை. 2024 தொடக்கத்தில் ஆப்பிள் நிறுவனமே தன் உதவிக் குறிப்பில் ஐஃபோனை அரிசிப் பையில் போட வேண்டாம் என்று எழுதியது. ஹேர் டிரையர், காற்றழுத்தக் குப்பி, போர்ட்டுக்குள் பஞ்சு எதுவும் வேண்டாம் என்றும் சேர்த்தே சொன்னது. கடல்நீர் விஷயத்தில் அரிசியின் பெரிய குறை இன்னொன்று. அது தண்ணீரை எடுத்தாலும் உப்பை எடுக்காது. கடல் உப்பில் சோடியம் குளோரைடோடு மெக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அந்த இரண்டாவது உப்பு, காற்றின் ஈரப்பதம் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே அதை உறிஞ்சித் தானே நீர்த்துவிடும். ஆக, காய்ந்துவிட்டது என்று நாம் நினைக்கிற போர்டு ஈரக்காற்று பட்டதும் மறுபடி நனைகிறது, உள்ளுக்குள்ளேயே. மூன்று நாள் நன்றாக ஓடிவிட்டு மூன்றாவது வாரம் செத்துப்போன ஃபோன்கள் பல இந்த வகைதான்.

அண்ணன் ஃபோனை ரிப்பேர்க்காரர் பிரித்தபோது பக்கத்தில் இருந்து பார்த்தேன். பின்மூடியைச் சூடு காட்டிக் கழற்றியதும் முதலில் செய்தது பேட்டரி கனெக்டரை எடுத்தது. அதற்குப் பிறகே மூச்சு விட்டார். ஆஃப் செய்த ஃபோனிலும் சில சர்க்யூட்டுகள் எப்போதும் மின்சாரத்தில்தான் இருக்கும். பேட்டரி கனெக்டரைச் சுற்றிப் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது, தள்ளி இருந்த இடமெல்லாம் சுத்தமாக இருந்தது. திரைக்கு வெளிச்சம் தரும் பகுதியில் சாதாரணமாகவே வோல்டேஜ் கூடுதல், அங்கே மின்னேற்றத்தைப் பிடித்து வைக்கும் கபாசிட்டர் என்ற பொடிப் பாகம் ஒன்றின் கால் கரைந்தே போயிருந்தது. சில இடங்களில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

போர்டின்மேல் தகர மூடி போட்ட பகுதிகள் இருக்கும், ஷீல்டு என்பார்கள். நனைந்த போர்டில் அவற்றைக் கழற்றாமல் சுத்தம் செய்வது வாசலை மட்டும் பெருக்குகிற வேலை. தண்ணீர் தங்குவதே அதன் அடியில்தான். மூடிகளைக் கழற்றிவிட்டுப் போர்டை டிஸ்டில்டு வாட்டரில் முக்கி, மெல்லிய பிரஷ்ஷால் சிப்களின் ஓரமெல்லாம் தேய்த்தார். தண்ணீரை மாற்றி மாற்றி இதையே திரும்பச் செய்தார். அதற்குப் பிறகுதான் ஆல்கஹால்.

இந்த வரிசையை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஐசோப்ரொபைல் ஆல்கஹால், அதாவது ஐபிஏ, இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. சாலிடர் பிசின், எண்ணெய்ப் பிசுக்குக்கு அது அருமையானதுதான். ஆனால் கடல் உப்பு சுத்தமான ஐபிஏவில் கரையவே கரையாது என்று சொல்லலாம். தண்ணீரிலோ லிட்டருக்கு 350 கிராமுக்கு மேல் கரையும். உப்பை எடுக்கத் தண்ணீர். மிஞ்சிய தண்ணீரை எடுக்க 99 சதவீத ஐபிஏ. சிப்புக்கு அடியில் மாட்டிக்கொண்ட தண்ணீரோடு அது கலந்து, இழுத்துக்கொண்டு சீக்கிரம் ஆவியாகிவிடும். மருந்துக்கடை சானிடைசர் இதற்கு ஆகாது. அதில் தண்ணீரும் கிளிசரினும் கலந்திருக்கும். அடுப்போ பொறியோ பக்கத்தில் இல்லாத, காற்றோட்டமான இடத்தில் மட்டும் செய்ய வேண்டும். அறை வெப்பத்திலேயே தீப்பிடிக்கும் ஆவி அது. திரை, ஸ்பீக்கர், கேமரா லென்ஸ் பக்கம் அதைக் கொண்டுபோகக் கூடாது, பூச்சும் பசையும் கெட்டுவிடும்.

உலர்த்த அவர் பயன்படுத்தியது ஒரு சாதாரண மேசை ஃபேன். கை பொறுக்கும் சூடு போதும், அதற்கு மேல் வேண்டாம் என்றார். ஹேர் டிரையர் தண்ணீரை இன்னும் உள்ளே தள்ளும், பசையை இளக்கும், பேட்டரியைச் சூடாக்கும். சிலிகா ஜெல் பொட்டலங்கள் நிறைய இருந்தால் மூடிய டப்பாவில் சேர்த்து வைக்கலாம். அதுவும் கழுவிய பிறகுதான்.

போர்டு உலர்ந்ததும் பழைய பேட்டரியை மாட்டவில்லை. மேசையில் இருந்த பவர் சப்ளையை இணைத்து, ஸ்டார்ட் பட்டனைத் தொடாமலே ஆம்பியர் முள்ளைப் பார்த்தார். அணைந்திருக்கும் ஃபோன் கிட்டத்தட்ட ஒன்றும் இழுக்கக் கூடாது. இது இழுத்தது. எங்கோ ஷார்ட். போர்டின்மேல் லேசாக ஐபிஏ தடவிவிட்டுக் குனிந்து பார்த்தார். போர்டெல்லாம் ஈரப் பளபளப்பு. ஒரு புள்ளி மட்டும் சட்டென்று காய்ந்தது. ஷார்ட் ஆன கபாசிட்டர் சூடாகி ஆல்கஹாலை முதலில் விரட்டிவிடுகிறது. கடுகைவிடச் சின்னதான அதை எடுத்ததும் முள் பூஜ்யத்துக்கு வந்தது. ஃபோன் ஆன் ஆனது, திரை வெளிச்சம் மட்டும் இல்லை. அந்தப் பழுதையும் சரிசெய்து, முதல் வேலையாக ஃபோட்டோக்களையும் நம்பர்களையும் வேறு இடத்துக்கு மாற்றினோம். "இத இனிமே நம்பி வச்சுக்காதீங்கண்ணே, டேட்டா வந்துருச்சு, அதோட விட்ருங்க" என்று அவர் சொன்னதை அண்ணன் ஏற்றுக்கொண்டாரா என்றால் இல்லை. இன்னும் அதில்தான் பேசிக்கொண்டிருக்கிறார்.

ஏன் இத்தனை பாடுபட்டு ஃபோனை உயிர்ப்பிக்க வேண்டும், மெமரி சிப்பை மட்டும் கழற்றிப் படித்தால் ஆகாதா என்று கேட்டேன். பழைய காலத்து ஃபோன்களில் முடியும். இப்போதைய ஸ்மார்ட்ஃபோன்களில் சேமிப்பெல்லாம் பூட்டப்பட்டிருக்கிறது, சாவி அதே போர்டில் இருக்கும் பிராசசருக்குள். சிப்பைத் தனியே எடுத்தால் கையில் கிடைப்பது படிக்க முடியாத குப்பை. போர்டு கொஞ்ச நேரமாவது எழுந்து உட்கார்ந்து, நாம் பாஸ்வேர்டு போட்டால்தான் ஃபோட்டோ கிடைக்கும். எனவே பேக்கப் இல்லாத ஃபோன் நனைந்தால் வீட்டுப் பரிசோதனை எதுவும் செய்யாமல், அணைத்து, நேரே தெரிந்த ஆளிடம் கொண்டுபோவதே என் தீர்ப்பு.

மெமரி கார்டு விஷயம் நேர் எதிர். எஸ்டி கார்டில் சிப் பிளாஸ்டிக்கில் அடைக்கப்பட்டிருக்கும்; நல்ல தண்ணீரில் அலசி, தங்கத் தடங்களைத் துடைத்து, நிதானமாக உலரவிட்டால் பெரும்பாலும் பிழைத்துவிடும். நண்பனின் கேமரா செத்தது, அதன் கார்டில் ஒரு படம்கூடப் போகவில்லை.

கேமராவைப் பற்றிச் சொல்ல நல்ல செய்தி இல்லை. பேட்டரியையும் கார்டையும் உடனே எடுத்தோம். லென்ஸ் உள்ளிருந்து தண்ணீர் கசிந்தது. அதைப் பிரிக்கலாமா என்று நண்பன் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்தபோது ரிப்பேர்க்காரர் ஃபோனிலேயே அதட்டினார். ஃபிளாஷ் உள்ள கேமராவில் ஒரு கபாசிட்டர் 300 வோல்ட் அளவுக்கு மின்னேற்றத்தைப் பிடித்து வைத்திருக்கும், பேட்டரியை எடுத்த பிறகும். பழக்கமில்லாதவர்கள் கேமராவைத் திறக்கவே கூடாது. உப்புத் தண்ணீரில் முழுக்க மூழ்கிய கேமராவில் நுண்ணிய ரிப்பன்களும் மோட்டார்களும் லென்ஸ் பூச்சும் சேர்ந்து கெடுவதால், சரிசெய்யும் செலவில் பெரும்பாலும் இன்னொன்றே வாங்கிவிடலாம். நண்பனுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கத்தான் நேரமானது.

லேப்டாப் பிழைத்தது, கீபோர்டைத் தவிர. கீபோர்டின் படலங்களுக்கு நடுவில் உப்பு புகுந்தால் தேய்த்துக் கழுவி ஆகாது, மாற்ற வேண்டியதுதான். பின்மூடியில் இருக்கிற ஸ்க்ரூக்கள் நீளத்தில் ஒன்றுபோல இருக்காது. கழற்றும்போது தாளில் மூடியின் படத்தை வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வைத்தோம். நீளமான ஸ்க்ரூவைத் தப்பான துளையில் முடுக்கிப் போர்டைத் துளைத்தவர்கள் உண்டு. பேட்டரி கனெக்டர் போக, கடிகாரத்துக்கென்று சில மாடல்களில் ஒரு காசு பேட்டரியும் இருக்கும், அதையும் எடுத்தோம். திரையை மட்டும் கழுவவில்லை. அதன் அடுக்குகளுக்குள் தண்ணீர் போனால் கறை போகவே போகாது.

அந்தப் பையில் எங்களுக்கு மிக முக்கியமானது ஹார்ட் டிஸ்க். அதில் இருந்தவை வேறெங்கும் இல்லாத வேலைக் கோப்புகள். சுழலும் தட்டுள்ள பழைய வகை. இதற்கு ரிப்பேர்க்காரர் சொன்னது எல்லாவற்றுக்கும் நேர்மாறு: "அத உலர்த்தாதீங்க. ஈரத்தோடவே பிளாஸ்டிக் கவர்ல போட்டு மூடுங்க. கனெக்ட் பண்ணி மட்டும் பார்த்துராதீங்க." அந்த வகை டிஸ்க்கில் காற்று போக ஒரு சின்னத் துளை இருக்கும், மூழ்கினால் அதன் வழியே தண்ணீர் போகலாம். தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில், தகவலைப் படிக்கிற ஹெட் பறக்கிறது. தட்டில் உப்புக் காய்ந்து படிந்திருக்கும்போது சுழற்றினால் ஹெட் அதில் மோதித் தகவல் பூசிய படலத்தையே உரித்துவிடும். ஈரமாகவே ஆய்வகத்துக்குப் போனால் அவர்கள் தூசியில்லாத அறையில் பிரித்து, கழுவி, படிக்கிறார்கள்.

கடலில் விழுந்த விமானங்களின் கறுப்புப் பெட்டியிலும் இதே வழக்கம்தான். எடுத்ததும் உலர்த்த மாட்டார்கள். நல்ல தண்ணீரில் மூழ்க வைத்தே ஆய்வகத்துக்குக் கொண்டுபோவார்கள், காற்றுப் பட்டால் அரிப்பு வேகமாகிவிடும் என்பதால். 2009 ஜூனில் அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் ஃபிரான்ஸ் 447 விமானத்தின் பதிவுக்கருவிகள் 2011 மே மாதம், ஏறக்குறைய 3,900 மீட்டர் ஆழத்திலிருந்து எடுக்கப்பட்டன. கிட்டத்தட்ட இரண்டு வருஷம் கடலடியில். இரண்டிலிருந்தும் தகவல் கிடைத்தது. கவரில் ஈரமாகக் கிடந்த எங்கள் டிஸ்க்கைப் பார்த்துக் கலங்கியபோதெல்லாம் இதைத்தான் நினைத்துக்கொண்டேன். தகவல் மீட்பு ஆய்வகத்துக்கு அனுப்பினோம். செலவு டிஸ்க்கின் விலையைப் போலப் பல மடங்கு. கோப்புகள் வந்தன.

பவர் பேங்க்கைக் காப்பாற்ற முயலவே இல்லை. உப்புத் தண்ணீர் புகுந்த லித்தியம் பேட்டரி உடனே ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டுப் பிறகு சூடாகித் தீப்பிடிக்கலாம். 2022-இல் இயன் சூறாவளி புளோரிடாவைத் தாக்கியபோது கடல்நீரில் மூழ்கிய மின்சாரக் கார்களில் சில, வெள்ளம் வடிந்து நாள்கள் கழித்துத் தீப்பற்றின. கைக்குள் அடங்கும் பவர் பேங்க்கிலும் அதே வேதியியல்தான். உப்பியிருக்கிறதா, சூடாக இருக்கிறதா, இனிப்பாக ஒரு வாடை வருகிறதா என்று பார்த்துக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, எரியக்கூடிய பொருள் எதுவும் இல்லாத தரையில் வைத்தோம். பிறகு பேட்டரி சேகரிக்கும் இடத்தில், தண்ணீர் புகுந்தது என்று சொல்லிக் கொடுத்தோம். வீட்டுக் குப்பையில் போட்டால் குப்பை லாரியில் நசுங்கித் தீப்பிடிக்கலாம். நனைந்த ஃபோனையும் லேப்டாப்பையும்கூடச் சில நாள் ராத்திரியில் தலைமாட்டில் வைக்காமல் இருப்பது நல்லது.

கார் சாவிதான் அன்றைக்குச் சிரிக்க வைத்தது. ரிமோட் செத்துவிட்டது, கார் அங்கேயே நிற்கும் என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்தபோது, நண்பன் உள்ளே மடங்கியிருந்த இரும்புச் சாவியை எடுத்துக் கதவைத் திறந்தான், ஸ்டார்ட்டும் செய்தான். இன்ஜின் பூட்டைத் திறக்கும் சிப் தனி. அது பேட்டரி இல்லாமலே காரிடமிருந்து மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும். ரிமோட்டைப் பிரித்துக் காசு பேட்டரியை எடுத்து, போர்டைக் கழுவி உலர்த்திப் புது பேட்டரி போட்டதும் அதுவும் வேலை செய்தது. இவ்வளவு எளிய போர்டாக இருந்தால் வீட்டிலேயே தைரியமாகச் செய்யலாம்.

டிரை பேக்கைப் பற்றி ஒரு வார்த்தை. வாயைச் சுருட்டி மூடுகிற பை அது. குறைந்தது மூன்று சுருட்டு சுருட்டி அப்புறம் கொக்கி மாட்ட வேண்டும். ஒரு சுருட்டோடு மாட்டினால் மழைக்குத் தாங்கும், மூழ்குவதற்குத் தாங்காது. உள்ளே கொஞ்சம் காற்று விட்டு மூடினால் மிதக்கும், தேடி எடுக்கலாம். வாங்கியதும் உள்ளே டிஷ்யூ பேப்பர் போட்டு வாளித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஃபோனை நம்பி வைக்க வேண்டும். தையல் ஓரத்தில் கசிகிற பைகள் இருக்கின்றன.

இப்போது படகில் ஏறும்போது ஒரு மூடி போட்ட டப்பா கூடவே வருகிறது. அதில் ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டர், சிம் குத்தும் ஊசி, சின்ன ஸ்க்ரூ டிரைவர், ஜிப் வைத்த கனமான பிளாஸ்டிக் கவர்கள், பழைய டூத் பிரஷ், ஒரு பருத்தித் துணி. ஐபிஏவைப் படகில் வைப்பதில்லை. பெட்ரோல் இருக்கிற இடத்தில் இன்னொரு எரிபொருள் எதற்கு. அது ரிப்பேர்க்காரர் மேசையில் இருந்தால் போதும். அவரிடம் ஒரு சாதனத்தைக் கொண்டுபோகும்போது மூன்று விஷயங்களை ஒரு சீட்டில் எழுதி அதன்மேலேயே ஒட்டிக் கொடுக்கிறேன்: என்ன தண்ணீர், எவ்வளவு நேரம் முன்னால், நனைந்த பிறகு யாராவது சார்ஜ் போட்டார்களா அல்லது ஆன் செய்தார்களா. மூன்றாவது கேள்விக்கு வாடிக்கையாளர்கள் "இல்லவே இல்லை" என்றுதான் சொல்வார்களாம். போர்ட்டில் எந்தப் பின் கறுத்திருக்கிறது என்று பார்த்து அவரே விடையை எழுதிக்கொள்வாராம்.